வற்றும் கண்மாயில் தக்கைத் தூண்டில், கரையில் ஓர் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி சுற்றுவட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தூண்டிலோடு போய் ஓர் இரவு தங்கிவர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஆற்றில் மிதந்துகொண்டே மீன் பிடித்து, மணலில் கூடாரம் போட்டுப் படுக்கிற வீடியோக்களைப் பார்த்தோம். செட்டிநாட்டில் எந்த ஆற்றில் அப்படிப் போகலாம்?

எந்த ஆற்றிலும் முடியாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழியாறு, புதுக்கோட்டைப் பக்கத்துத் தெற்கு வெள்ளாறு எல்லாமே மழை ஆறுகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓடும்; கோடையில் மணல்தான் கிடக்கும். அங்கங்கே மடுவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அது இயல்பான மடுவா, மணல் அள்ளிய குழியா என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஓரத்தில் முழங்கால் அளவு இருக்கும், அடுத்த எட்டில் ஆள் மூழ்கிவிடும். அந்தக் குழிகளில் இறங்கவே வேண்டாம்.

இந்தப் பக்கம் கோடை மீன்பிடி என்றால் கண்மாய், அதாவது பாசன ஏரிதான். ஓடும் தண்ணீர்தான் வேண்டும் என்பவர்கள் காவிரிப் பக்கம் போக வேண்டும். அங்கே அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு போவது முக்கியம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும்.

எந்தக் கண்மாயிலும் தூண்டில் போடலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?

கேட்காமல் போடக்கூடாது. பெரும்பாலான கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் போயிருக்கும். மீன்பாசிக் குத்தகை என்பார்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 எக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருக்கும் கண்மாய்கள் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்று வழங்குகிறவை. இப்போது நீர்வளத்துறை பார்க்கிறது. அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள். உங்களுக்கு அது எந்த வகை என்று தெரிய வேண்டியதில்லை. ஊர் டீக்கடையில் "இந்தக் கம்மா பாசி யாரு எடுத்திருக்கா?" என்று கேட்டால் ஆளைக் காட்டிவிடுவார்கள். ஒருபுறம் குத்தகைக்காரர், மறுபுறம் ஊர் அம்பலம் (ஊர்ப் பெரியதனக்காரர்) அல்லது ஊராட்சித் தலைவர் என இரண்டு தரப்பிலும் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஒரு தரப்பிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் இரவில் இன்னொரு தரப்பு டார்ச்சோடு வந்து நிற்கும்.

கண்மாய்க் குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில் ஓடும். பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஆகவே மே கடைசியிலும் ஜூனிலும் குத்தகைக்காரர் இருக்கிற மீனையெல்லாம் அரித்தெடுக்கும் அவசரத்தில் இருப்பார். அப்போது போய் அனுமதி கேட்டால் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதல் பாதியிலும் கேட்டால் எளிதில் கிடைக்கும். தூண்டிலுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு கேட்டால் கொடுத்துவிடுவது நியாயம். குஞ்சு வாங்கி விட்டு வளர்த்தது அவர்.

எங்கெல்லாம் அறவே கூடாது?

ஊருணியில் கூடாது. பல ஊர்களில் இன்றும் அது குடிதண்ணீர். படியில் செருப்போடு இறங்கினாலே சத்தம் போடுவார்கள். கோவில் தெப்பக்குளம், பொரி போட்டு வளர்க்கிற மீன் உள்ள குளம், இவற்றிலும் கூடாது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் வரும் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களில் தூண்டிலும் கிடையாது, கூடாரமும் கிடையாது. பறவைகள் கலையக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

வெடி, விஷம், கரண்ட் மூன்றும் எங்கேயும் குற்றம். வெடிக்கும் விஷத்துக்கும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

தண்ணீர் கால்வாசிதான் இருக்கிறது. மீன் எங்கே நிற்கும்?

கண்மாய் முழுக்க ஒரே ஆழமாக இருப்பதில்லை. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சேரும் பக்கம் மேடு. கரையை ஒட்டிய பக்கம் தாவு, அதாவது பள்ளம். கரை போட மண் வெட்டிய கிடங்குகள் கரை நெடுக இருக்கும். வயலுக்குத் தண்ணீர் விடும் மடையின் உள்வாயில் பள்ளம் விழுந்திருக்கும். வற்றுகிற காலத்தில் மீன் முழுவதும் இந்த இரண்டு இடத்துக்குத்தான் ஒதுங்கும். ஆகவே முதலில் மடையைக் கண்டுபிடியுங்கள். மடைக்கு இருபுறமும் 20, 30 அடி தள்ளி உட்காருங்கள்; மடைக்கு நேர் மேலே ஏறி நின்றால் உங்கள் நிழலும் காலதிர்வும் பள்ளத்தில் விழும்.

அடுத்து காற்று. எந்தக் கரையை நோக்கி அலை அடிக்கிறதோ அந்தக் கரையில் தண்ணீர் கலங்கிக் காற்றோட்டம் கிடைக்கும், பூச்சி புழுவும் அங்கேதான் சேரும். முகத்தில் காற்று அடிப்பது தூண்டில் வீச இடைஞ்சல்தான், ஆனால் மீன் அங்கே இருக்கிறது.

தாமரை, அல்லி படர்ந்த ஓரம் விராலுக்கு. கரையோரம் ஓர் அடித் தண்ணீரில் வட்டவட்டமாகக் குழி தெரிந்தால் அது ஜிலேபிக் கெண்டை பறித்த கூடு.

விடியற்காலையில்தான் மீன் கடிக்கும் என்கிறார்களே?

மழைக்காலத்துக்குச் சரி. கோடையில் பாதிதான் சரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் நிற்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசி அதைக் கூட்டும். இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து செலவழிக்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ரோகு, கட்லா, மிர்கால் போன்ற கெண்டை வகை வாயைத் திறந்து மேலே மிதக்குமே தவிர இரை எடுக்காது. கண்ணுக்கு முன்னால் மீன் புரளும், தூண்டிலில் மிதக்கும் தக்கை அசையாது. பலர் அங்கேதான் வெறுத்துப் போகிறார்கள்.

விரால், குரவை, தேளி மூன்றும் மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கும் சாதி. அவற்றுக்கு ஆக்சிஜன் குறைவு பொருட்டில்லை. ஆகவே இருட்டு பிரியும்போது விராலுக்குப் போடுங்கள். வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து, 7 மணியிலிருந்து 9 மணி வரை கெண்டை வகைக்கு. பிறகு மாலை 4:30 முதல் இருட்டும் வரை எல்லாவற்றுக்கும். நடுப்பகலில் நிழலில் படுத்துத் தூங்குங்கள். இருட்டிய பிறகு கெளுத்திக்கு அடித்தரையில் புழு போட்டு வைக்கலாம்.

தக்கைத் தூண்டில் கட்டுவது எப்படி?

கம்பு: நல்ல முற்றிய மூங்கில், 10 முதல் 12 அடி, நுனி சுண்டுவிரலை விட மெலிதாக. ரீல் வைத்த ராடு வேண்டியதில்லை. வற்றிய கண்மாயில் 15 அடிக்கு அப்பால் வீசவேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். கார்பன் ராடு கொண்டுவருபவர்கள் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்க வேண்டும். கார்பனில் மின்சாரம் பாயும்.

நரம்பு (தூண்டில் நைலான் இழை): கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 0.25 மி.மீ., விராலுக்கு 0.40 மி.மீ. நீளம் கம்பை விட ஓர் அடி குறைவாக. அதிகமானால் மீனைத் தூக்கும்போது கைக்கு வராமல் தலைக்கு மேலே ஆடும்.

முள் (தூண்டில் கொக்கி): சிறு கெண்டை, ஜிலேபிக்கு 10 அல்லது 12-ஆம் எண், ரோகு, மிர்காலுக்கு 6 அல்லது 8, விராலுக்கு 1 அல்லது 1/0. எண் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். முள்ளின் கண்ணுக்குள் நரம்பை விட்டு, மிச்ச நுனியைத் தாய் நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணை ஒட்டி இருக்கும் வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடியே இறுக்கினால் உராய்வில் நரம்பு சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். பெரிய மீன் முடிச்சில் அறுத்துப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

தக்கை: கடையில் வாங்கலாம். ஆனால் பழைய ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் கனம், 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தாலே போதும். நடுவில் கோணி ஊசியால் துளைத்து நரம்பைக் கோத்து, ஓர் ஈர்க்குச்சியை அந்தத் துளையில் செருகி இறுக்குங்கள். ஆழம் மாற்ற வேண்டுமானால் குச்சியை உருவி, தக்கையை நகர்த்தி, மறுபடி செருகிக்கொள்ளலாம்.

ஈயம்: முள்ளுக்கு மேலே நான்கு விரல் தள்ளி. இந்த அளவுத் தக்கைக்கு ஏறக்குறைய 2 கிராம் பிடிக்கும். வீட்டிலேயே வாளித் தண்ணீரில், முள்ளில் மாவும் வைத்துப் போட்டுப் பாருங்கள். தக்கையில் கால்பங்கு மட்டும் வெளியே தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் மீன் இழுக்கும்போது கனம் தட்டி இரையைத் துப்பிவிடும்.

தக்கை நேராக நிற்காமல் படுத்துக் கிடக்கிறது. ஏன்?

ஆழம் அதிகமாக விட்டிருக்கிறீர்கள். ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது. தக்கையை இரண்டிரண்டு விரலாகக் கீழே இறக்குங்கள். எழுந்து நிற்கிற அளவுதான் அந்த இடத்தின் ஆழம். அதிலிருந்து இன்னும் மூன்று விரல் குறைத்தால் இரை அடியை ஒட்டித் தொங்கும். மிர்காலுக்கு அது சரி. ஜிலேபிக்குப் பாதி ஆழம் போதும்.

அடி முழுக்க இளகிய சகதி என்றால் வேறு தொல்லை: ஈயம் சேற்றில் அமுங்கி, தக்கை நேராக நிற்பது போலவே தெரியும், இரை சேற்றுக்குள் புதைந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் முள்ளில் கறுப்புச் சேறு ஒட்டியிருக்கும். ஈயத்தைப் பாதியாகக் குறைத்து, சிறிய தக்கைக்கு மாறுங்கள்.

தக்கை அசைவை வைத்து என்ன மீன் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்து கீழே போகாவிட்டால் பொடி மீன் மாவைக் கொத்துகிறது. முள்ளைச் சிறிதாக்குங்கள் அல்லது இரையைப் புழுவிலிருந்து கெட்டி மாவுக்கு மாற்றுங்கள். இரண்டு முறை வெடுக்கென்று ஆடிவிட்டுச் சாய்ந்து ஓடினால் ஜிலேபி. தக்கை அப்படியே மேலே எழும்பிப் படுத்தால் மிர்கால் போன்ற அடிமீன் இரையைக் கவ்வி ஈயத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. தக்கை கீழே போகவில்லையே என்று காத்திருக்காதீர்கள், அதுவும் கடிதான், உடனே சுண்டுங்கள். அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தால் விரால் அல்லது கெளுத்தி. விராலுக்கு மட்டும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். இரையை வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு போய்ப் பிறகுதான் விழுங்கும். நண்டும் இதே மாதிரி இழுக்கும், ஆனால் தக்கை ஓரடிக்கு மேல் நகராது.

எந்த மீனுக்கு என்ன இரை?

மண்புழு எல்லாவற்றுக்கும் ஆகும். கோடையில் கிடைப்பதுதான் கஷ்டம். வாழைக்கு அடியிலும் மாட்டுத் தொழுவத்து ஈரத்திலும் தோண்டிப் பாருங்கள். எடுத்ததை ஈர மண்ணோடு மண்சட்டியில் வைத்து நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வெயிலில் வைத்தால் அரை மணியில் வெந்துவிடும்.

மாவு இரை: மைதா 100 கிராம், கடலைப் புண்ணாக்குத் தூள் 50, பொட்டுக்கடலை மாவு 50, ஒரு சிட்டிகை பெருங்காயம். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். வெயிலில் இளகி முள்ளை விட்டு நழுவும், அதற்கு ஒரு கொத்துப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுச் சேர்த்துப் பிசைந்தால் நிற்கும். ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முள்ளில் பட்டாணி அளவு போதும், முள்ளின் நுனி மட்டும் லேசாக வெளியே.

மீனைக் கூட்ட, கடலைப் புண்ணாக்கு 250 கிராமை ஆறு மணி நேரம் ஊறவைத்து அரைக்கிலோ தவிட்டோடு கரை மண் ஒரு பிடி சேர்த்து உருண்டை பிடித்து, இரண்டே இரண்டு உருண்டை போடுங்கள். இங்கே கை தாராளம் கூடாது. வற்றிய சூட்டுத் தண்ணீரில் மிச்சப் புண்ணாக்கு அழுகும், அழுகும்போது இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் தின்னும், அந்த இடத்தை விட்டு மீன் ஒதுங்கிவிடும்.

விராலுக்கு உயிர் மீன் குஞ்சு, அல்லது கடையில் விற்கும் ரப்பர் தவளை. செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக மேலே கொதிப்பது போல் தெரிந்தால் அடியில் பெற்ற விரால் காவல் நிற்கிறது. அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்குப் போய்விடும். விட்டுவிடுங்கள்.

லாரி டியூப், தெர்மாகோல் போட்டு நடுவில் மிதந்து பிடிக்கலாமா?

மீன்பிடிக்காரர்கள் வலை கட்ட அப்படிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அந்தக் கண்மாயின் அடி தெரியும். வெளியாருக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். முதல் காரணம் சீமைக் கருவேலம்: தண்ணீருக்குள் பழைய மரமும் கிளையும் மூழ்கிக் கிடக்கும், டியூப்பில் ஒரு முள் ஏறினால் போதும். இரண்டாவது, தாமரைத் தண்டும் அறுந்துபோன நைலான் வலையும். காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார். மூன்றாவது, கரம்பை மண்ணும் சவுடு மண்ணும் அள்ளிய குழிகள். அவற்றின் ஓரம் சரிவாக இருக்காது, சுவர் போல நிற்கும்.

போய்த்தான் தீருவேன் என்பவர் உயிர்க்காப்பு ஜாக்கெட்டை மாட்டி, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கரையில் ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் மட்டும் போகட்டும். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றால் மிதவையே தேவையில்லை. ஆறடிக் கம்பால் ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

சகதியில் கால் புதைந்தால் நேரே மேலே இழுக்காதீர்கள்; ஒரு காலை இழுக்க மற்றது இன்னும் ஆழமாகப் போகும். கம்பைத் தண்ணீரில் குறுக்கே போட்டு அதன்மேல் சாய்ந்து, உடம்பைக் கிடத்தி, காலைப் பக்கவாட்டில் அசைத்துச் சேற்றில் தண்ணீர் புகவிட்டுப் பிறகு உருவுங்கள். காலில் புண் இருப்பவர் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும்.

கெளுத்தி குத்திவிட்டது. என்ன செய்வது?

முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் இரண்டு என மூன்று முள். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த தேளியின் முள்ளில் விஷமும் உண்டு, கை தோள் வரை கடுக்கும். காயத்தைக் கழுவி, கை தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். சூட்டில் விஷத்தின் வீரியம் குறையும், வலி தணியும். குத்திய கையில் வலி மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் போகலாம், அதனால் மற்றக் கையால் சூட்டைப் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும், வீக்கம் ஏறிக்கொண்டே போனாலும் ஆஸ்பத்திரி. தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரம் எங்கே போடுவது?

கரையின் மேல் அகலமான மேட்டில். எலி வளை, கறையான் புற்று உள்ள இடத்தை ஒதுக்குங்கள். கண்மாயின் உள்வாய் காய்ந்து பாளம் வெடித்து, மைதானம் போல் வசதியாகத் தெரியும், அங்கே வேண்டாம். அக்கினி நட்சத்திர நாட்களில் சாயங்காலம் மேகம் கூடி ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், வரத்துக்காலில் வரும் தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும். மிகை நீர் வெளியேறும் கலுங்குக்குக் கீழேயும் அதே கதைதான்.

பனைக்கு அடியில் போடாதீர்கள். வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது அதுதான், இடி அதில்தான் இறங்கும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 வினாடிக்குள் இருந்தால் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். பைக்கில் வந்தவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்கு.

கரையோரம் அய்யனார் கோவில் இருந்தால், புரவி நிற்கிற வளாகத்துக்குள் கூடாரம், மீன் கழுவுதல், குடி எதுவும் கூடாது. கோவில் காட்டில் காய்ந்த சுள்ளியைக் கூட ஒடிக்க மாட்டார்கள் உள்ளூர்க்காரர்கள். தள்ளிப் போடுங்கள்.

பாம்பு பயம்?

இருக்க வேண்டிய பயம்தான். தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை, கடித்தால் கழுவிவிடலாம். கட்டுவிரியன்தான் ஆபத்து. இரவில் இரை தேடி வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி அவ்வளவாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, கண்ணிமை சொருகல் என்று எழுந்தால் தாமதிக்கவே கூடாது. வெறும் பாயில் படுக்காதீர்கள். அடித்துணியோடு சேர்த்துத் தைத்த கூடாரத்தில் ஜிப்பை முழுக்க மூடிப் படுங்கள், அல்லது கயிற்றுக் கட்டிலில் கொசுவலையைச் சுற்றிலும் செருகிப் படுங்கள். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள். மீன் குடலைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் எறிந்தால் எலியும் தவளையும் வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும்.

கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, 108-க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கும். நீங்கள் தங்கும் கண்மாயிலிருந்து மிக அருகில் எது, வண்டிப் பாதை எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

தண்ணீரும் சாமானும் எவ்வளவு எடுத்துப் போவது?

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். சமைக்க, மீன் கடைசியாக அலச இன்னும் 5. கண்மாய்த் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க வேண்டாம். கிருமி சாகும், வயலிலிருந்து வந்த மருந்து போகாது. உப்புக் கரைசல் பொட்டலம், தொப்பி, தலை விளக்கு, மூக்கு நீண்ட இடுக்கி. பகல் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்ச்சோறு 11 மணிக்கே புளித்துப்போகும்.

பிடித்த மீனை எப்படி வைத்திருப்பது?

உயிரோடு வைக்கிறேன் என்று கரையோரத்துச் சூட்டுத் தண்ணீரில் வலைப்பைக்குள் போட்டால் அரை மணியில் செத்து வயிறு மெத்தென்று ஆகிவிடும். கெண்டை வகையைப் பிடித்த உடனே கொன்று, செவுளும் குடலும் எடுத்து, மீன் அளவுக்குச் சரிசமமாக ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்குங்கள். விரால், கெளுத்தி மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

கோடை மீன் சேறு நாறுகிறது. குழம்பில் அது தெரியாமல் செய்ய முடியுமா?

அந்த வாடை சேற்றிலிருந்து நேரடியாக வருவதில்லை. வற்றிய தண்ணீரில் பெருகும் நீலப்பச்சைப் பாசி வெளிவிடும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் ஏறியிருக்கும். புளிப்பு பட்டால் அது உடையும். ஆகவே வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்து, கல்லுப்பும் புளிக்கரைசலும் போட்டுப் பிசறி 20 நிமிடம் வைத்து அலசுங்கள். விராலுக்குச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்தால் வழவழப்பும் போகும். அயிரை கிடைத்தால் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் உயிரோடு விட்டு, பிறகு மண்சட்டியில் கல்லுப்போடு உரசிக் கழுவுங்கள்.

ஒரு கிலோ மீனுக்கு: நல்லெண்ணெய் 100 மி.லி., சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், தக்காளி 2, புளி 50 கிராம், மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் 3, மஞ்சள் அரை தேக்கரண்டி. வெந்தயம் அரை தேக்கரண்டி தாளித்து, கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளி குழைந்ததும் தூளைப் போட்டு எண்ணெயில் ஒரு நிமிடம் பிரட்டிப் புளியை ஊற்றுங்கள். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன். போட்டபின் கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். 8 நிமிடம், இறக்கும்போது ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். ராத்திரி வைத்துக் காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொள்வதெல்லாம் ஊருக்குத் திரும்பியபின்தான். கண்மாய்க்கரையில் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அடுப்புக்குக் காய்ந்த சீமைக் கருவேல விறகு நின்று எரியும். ஆனால் கரையில் கோரையும் புல்லும் காய்ந்து கிடக்கும் காலம். ஆறடி வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு மூட்டுங்கள். காற்று தூக்கினால் சிறிய கேஸ் அடுப்புக்கு மாறிவிடுங்கள்.

செத்து மிதக்கும் மீனை எடுக்கலாமா?

கூடாது. நாள் முழுக்க மேகமாக இருந்தாலோ, கோடை மழையில் அடிச்சேறு கலங்கினாலோ ஆக்சிஜன் ஒரே இரவில் தீர்ந்து மீன் கூட்டமாகச் சாகும். எப்போது செத்தது என்று தெரியாது; விஷம் போட்டார்களா என்பதும் தெரியாது.

ஆமை மாட்டிக்கொண்டால்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்மாய் ஆமைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நரம்பைப் பிடித்துத் தூக்காமல் ஓட்டைப் பின்பக்கமாகப் பிடித்து, இடுக்கியால் முள்ளை உருவி விடுங்கள். உள்ளே விழுங்கியிருந்தால் இழுக்காதீர்கள், வாயை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள்.

மீன்பிடித் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் போகலாமா? தூண்டில் போடலாமா?

போகலாம், தூண்டில் வேண்டாம். விவசாயத்துக்குத் தண்ணீர் எடுத்து முடிந்து கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் விடியும் முன்பே ஆள் வந்து கரையில் நிற்கும். சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்கு முன் ஒருவர் காலும் நனையக்கூடாது. வீசிய மறு நிமிடம் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்கிக் கலக்குகிற தண்ணீரில் முள்ளும் நரம்பும் யார் காலிலாவதுதான் ஏறும்.

கொண்டுபோக வேண்டியது ஊத்தா அல்லது கச்சா வலை. ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் பின்னிய அடியில்லாத கூடை. மேல்வாய் குறுகி, கீழ்வாய் அகன்றிருக்கும். தண்ணீர் தொடை அளவுக்கு மேல் உள்ள இடத்தில் அது உதவாது. இரு கையாலும் சேற்றில் பதியக் குத்துங்கள். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டுவது உள்ளங்கையில் தெரியும். உடனே கையை விடாதீர்கள். ஊத்தாவை உடம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்வாய் வழியாக ஒரு கையை விட்டு விரல்களை விரித்து, மீனைச் சேற்றோடு சேர்த்து அமுக்குங்கள். வழவழவென்று உருண்டையாக இருந்தால் விரால், தலைக்குப் பின்னால் பிடிக்கலாம். மீசை தட்டினால் கெளுத்தி. பக்க முள் இரண்டுக்கும் பின்னால் விரலைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். செதில் சொரசொரத்தால் ஜிலேபி, முதுகு முள்ளைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் படியவைத்துப் பிடியுங்கள். அங்கே பிடித்ததை விற்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, வீட்டுக் குழம்புக்குத்தான். கொசுவலையை இழுத்துக்கொண்டு வருபவர்களோடு சேராதீர்கள், பொடிக் குஞ்சு வரை அரித்துவிடும்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அறுந்த நரம்பும் முள்ளும். அறுவடை முடிந்த கோடையில் ஆடும் மாடும் கண்மாய்க்குள்தான் மேயும். புல்லோடு முள்ளை விழுங்கினால் தொண்டையில் ஏறும், நரம்பு கொக்கின் காலில் சுற்றும். இடம் மாறும்போதெல்லாம் வெட்டிய நரம்பை ஒரு பாட்டிலில் திணித்து வைத்தால் கடைசியில் தேட வேண்டியிருக்காது. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பாருங்கள்; சூடு இருந்தால் இன்னொரு குடம். குடலையும் செதிலையும் கரைக்கு வெளிப்புறத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள், கண்மாய்க்குள் எறியாதீர்கள். பிறகு குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.